குமார் முட்டை போட்ட வீடும் மற்ற வீடுகளும்

கிளிக்கு நகம் வெட்ட வருகிறவளிடம் யார் குடும்ப விஷயம் கதைக்கப்போகிறார்கள் என்று நம்பித்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

முன்பு ஒரு மிருக வைத்தியரிடம் உதவியாளராக இருந்தேன். இப்போது ஸ்கூட்டரில் ஒரு துவாய், ஒரு நகவெட்டி, ஒரு சின்ன அரம், இரத்தம் நிறுத்துகிற தூள் ஒரு டப்பா ஆகியவற்றைப் போட்டுக்கொண்டு கொழும்பில் மட்டக்குளி தொடங்கிக் கல்கிசை வரை வீடு வீடாகப் போகிறேன். கடையில் வாங்கி வளர்க்கிற வெளிநாட்டுக் கிளிகளுக்கு நகமும் இறகும் வெட்டிவிடுவது என் வேலை. துவாயைக் கண்டதும் கிளிகள் கூட்டின் மூலைக்கு ஓடும். மனிதர்களோ கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வருவார்கள். "மிஸ், ஒரு விஷயம் கேக்கவேணும், எப்பிடிக் கேக்கிறதெண்டுதான் தெரியேல்ல" என்பார்கள். அப்படித் தொடங்கினால் கதை கிளியின் இனச்சேர்க்கையைப் பற்றியது என்று எனக்கு விளங்கிவிடும். எங்கள் வீடுகளில் அந்த விஷயத்தை வாய்விட்டுக் கதைக்கிற பழக்கம் இல்லை. கிளிக்கு அந்தக் கூச்சம் கிடையாது, வரவேற்பறையிலேயே எல்லாவற்றையும் தொடங்கிவிடும்.

கிளி வளர்த்து, கடி வாங்கி, கடித்த கிளியிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிகிற உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இராது. ஒரு வீட்டில் மட்டும் சங்கதி சிரிப்போடு முடியாமல் ஓர் உயிர் போகப் பார்த்தது. அதில் பாதிப் பிழை என்னுடையது. அந்த வீட்டுக் கதையையும் இடையிடையே சொல்கிறேன்.

வாந்தி எடுக்கிற பிள்ளை

கொட்டாஞ்சேனையில் மெக்டலின் அக்கா வீட்டில் ரொக்கி என்று ஒரு மஞ்சள் கொனூர் கிளி. அக்காவின் மகன் ரொஷான் பின்னேரம் ஒபிஸால் வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே ரொக்கி அவனுடைய மணிக்கட்டில் ஏறிவிடும். தலையை மேலும் கீழுமாக நாலு தரம் ஆட்டும். பிறகு அரைபட்ட சூரியகாந்தி விதையெல்லாவற்றையும் அவனுடைய உள்ளங்கையில் கொட்டிவிடும். அக்கா பயந்துபோய் இஞ்சித் தண்ணீர் பருக்கினார், ஓமத் தண்ணீர் பருக்கினார், கடைசியில் அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் நேர்ந்துவிட்டார். நான் போனபோது ரொக்கி நல்ல கொழுகொழுவென்று இருந்தது. வருத்தக்காரக் கிளியின் சாயலே இல்லை.

"வேற ஆரின்ர கையிலயும் வாந்தி எடுக்குதா?" என்று கேட்டேன். இல்லை, ரொஷானின் கையில் மட்டும்தான். அப்படியென்றால் அது வாந்தியல்ல, இராச்சாப்பாடு. சோடி சேர்ந்த கிளி தன் இரைப்பையில் இருந்து எடுத்துத் துணைக்கு ஊட்டும். ரொக்கி உங்கள் மகனைத் தன் துணையாகத் தெரிந்துகொண்டுவிட்டது என்று சொன்னேன். ரொஷானுக்குக் காது சிவந்துவிட்டது. தலையாட்டத் தொடங்கினதும் சிரிக்காமல், திட்டாமல், கீழே இறக்கிவிட்டு ஒரு விளையாட்டுச் சாமானைக் கொடுக்கும்படி சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா அடுப்படி வாசலில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "இருபத்தெட்டு வருசமா நான் சுடச்சுட ஆக்கிப் போடுறேன், உப்புக் காணாது, புளி கூடவெண்டு முகத்தச் சுழிப்பான். இது வாயில போட்டதத் துப்பிக் குடுக்குது, அதுக்கு 'தேங்க் யூ டார்லிங்' எண்டு சொல்றான் மிஸ்."

குமார்

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில், சிவபாதம் அங்கிளும் அன்ரியும் இருக்கிறார்கள். அங்கிள் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் மூன்று பேரும் வெளிநாட்டில். வீட்டில் மூன்றாவது ஆள் சாம்பல் நிறக் கொக்கட்டீல் கிளி. ஆண் என்று கடைக்காரன் சொல்லிக் கொடுத்தபடியால் அங்கிள் குமார் என்று பேர் வைத்தார். மூன்று வருடம் குமாராகவே இருந்த அது, ஒரு நாள் காலை சாய்மனைக் கதிரையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அங்கிளின் மடியில் முட்டை போட்டது. பேரை மாற்ற அங்கிளுக்கு மனமில்லை. அவருக்குக் குமார் இன்னமும் "அவன்"தான். அன்ரிக்கு அன்றிலிருந்து "அவள்".

நகம் வெட்டப் போன எனக்கு முன்னால் அங்கிள் டிவி பார்த்தபடி குமாரைக் கழுத்தில் தொடங்கி வால் வரை தடவிக்கொண்டிருந்தார். குமார் வாலைத் தூக்கி, கண்ணைச் சொருகி, மெல்லக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அன்ரி தேத்தண்ணீர் கொண்டுவந்து நீட்டியதும் சீறிக்கொண்டு போய் விரலைக் கடித்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கிளிக்குத் தலையிலும் கழுத்திலும் தடவினால் அது சிநேகிதம். முதுகிலும் வாலடியிலும் தடவுவது சோடி செய்கிற வேலை. அதற்குப் பதிலாகத்தான் குமார் முட்டை போடுகிறது. ஆனால் இதை எழுபத்திரண்டு வயது மனிதருக்கு, பக்கத்தில் அவருடைய மனைவி நிற்கும்போது, எப்படிச் சொல்வது? எனக்கு வாய் வரவில்லை. "அங்கிள், முதுகைத் தடவாதீங்கோ, அதுக்கு நல்லதில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நகத்தைப் பிடித்தேன்.

அன்ரி விரலில் பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "குமாரெண்டு சொல்லித்தான் பிள்ளை வீட்டுக்குள்ள கொண்டந்தவர். பொம்பிளையெண்டு தெரிஞ்சிருந்தா நான் வாசலிலயே மறிச்சிருப்பன்."

முன்மாதிரித் தம்பதி

இரும்புக் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியாருடைய மகளின் கலியாணத்துக்கு யாரோ ஒரு சோடி லவ்பேர்ட்ஸ் பரிசு கொடுத்திருக்கிறார்கள். மகள் புகுந்த வீட்டுக்குப் போகும்போது கூட்டை வாப்பா வீட்டிலேயே விட்டுவிட்டார். கிளிகள் இரண்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒன்று கொட்டாவி விட்டால் மற்றதும் விடும். ஒன்றின் தலையை மற்றது கோதிவிடும். கூட்டுக்குள் வைத்திருந்த பெட்டிக்குள் முட்டை மேல் முட்டையாக வந்தது, குஞ்சு மட்டும் வரவில்லை. கூட்டில் ஏதோ கண்ணூறு என்று ஹாஜியார் தண்ணீர் ஓதித் தெளித்தும் பார்த்துவிட்டார்.

நான் பெட்டியைத் திறந்து எண்ணினேன். பதினொரு முட்டை. ஒரு பெட்டை ஒரு தரத்துக்கு இவ்வளவு போடாது. இரண்டும் பேப்பரை நீளநீளமாகக் கிழித்து வாலடி இறகுக்குள் செருகிக்கொண்டு திரிந்தன. இந்த இனத்தில் அந்த வேலை அநேகமாகப் பெட்டையின் வேலை. சந்தேகம் தீர இறகு அனுப்பிப் பரிசோதித்தோம். இரண்டும் பெட்டைதான். பழகி ஒட்டிக்கொண்டால் இரண்டு பெட்டைகளும் சோடி மாதிரியே இருக்கும், பிரித்தால் ஏங்கிப்போகும், அப்படியே விட்டுவிடுங்கள், பெட்டியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றேன். ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மருமகன் வாற நேரமெல்லாம் இந்தக் கூட்டக் காட்டி, 'இவங்களப் பாத்துப் படிங்க மகன், புருஷன் பொஞ்சாதிண்டா இப்பிடித்தான் ஈக்கணும்'ண்டு சொல்லியீக்கிறேன் மிஸ். இனி நான் அந்தப் புள்ளட மொகத்த எப்பிடிப் பாக்கிற?"

பத்தியச் சோறு

ஒன்றரை மாதம் கழித்து மறுபடி நாலாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. மேல்மூச்சுக் கீழ்மூச்சு வாங்கக் கதவைத் திறந்தால் பட்டப்பகலில் வீடு இருட்டாகக் கிடந்தது. திரைச்சீலைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. மூலையில் ஒரு பெரிய பிஸ்கட் டின், அதற்குள் அன்ரியின் பழைய நூல் சேலைத் துண்டு, அதற்கு மேல் குமார். அங்கிள் நிலத்தில் சப்பணம் கட்டி உட்கார்ந்து, சூடான குழைசோற்றை விரல்நுனியால் குமாருக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். இதுவரை பதினாலு முட்டை. ஒவ்வொன்றையும் போட்ட உடனேயே எடுத்து, நீளம் அகலம் அளந்து, கலண்டரில் குறித்துவைத்திருந்தார். "குஞ்சு வராத முட்டையில அடை இருந்து அவன் கவலைப்படக்கூடாது பிள்ளை" என்றார். முதுகைத் தடவுவதை விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். "நீங்கள் சொன்னதிலயிருந்து மெதுவாத்தான் தடவுறன்" என்றார்.

பிள்ளை பெற்றவளை எங்கள் வீடுகளில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். காற்றுப் படாத அறை, பழந்துணி, சூடான பத்தியச் சோறு. ஒன்று விடாமல் அங்கிள் குமாருக்குச் செய்திருந்தார். கிளி இதையெல்லாம் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும். சூடாக ஊட்டுகிறவர் மாப்பிள்ளை. இருட்டு மூலை என்றால் கூடு. முட்டை காணாமல் போனால் இன்னொன்று போட்டு எண்ணிக்கையை நிரப்பவேண்டும். அந்த மனிதர் அன்பாகச் செய்த ஒவ்வொன்றும் குமாரை அடுத்த முட்டைக்குத் தயார்படுத்திக்கொண்டிருந்தது. டின்னை எடுங்கள், திரையைத் திறவுங்கள், முட்டையை எடுக்காதீர்கள் என்று வரிசையாகச் சொன்னேன். ஏன் என்ற ஒரு சொல்லை மட்டும் அன்றைக்கும் விழுங்கிவிட்டேன்.

அன்ரி என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். "நான் மூண்டு பெத்தனான் பிள்ளை. மூண்டுக்கும் இவர் வன்னியில காணி அளந்துகொண்டு நிண்டவர். இப்ப என்னட்ட வந்து, இவளுக்குப் பிள்ளை பெத்த துடக்குக் கழிக்க ஐயரைக் கூப்பிடுவமோ எண்டு கேக்கிறார்."

சோறு வேகிற வீடு

கல்கிசையில் ஒரு இளம் தம்பதி, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் முழுக்கத் தனியாக இருந்த அவர்களுடைய ஆண் கொக்கட்டீல், புதிதாக வாங்கிய ரைஸ் குக்கரைக் காதலித்துவிட்டது. பளபளக்கிற அதன் வயிற்றில் தன்னைப் போலவே கொண்டையும் ஆரஞ்சுக் கன்னமுமாக இன்னொன்று நிற்கிறது, தான் பாடினால் ஒருபோதும் முகத்தைத் திருப்புவதில்லை. இதைவிட என்ன வேண்டும்? காலையில் இருந்து குக்கருக்கு முன்னால் நின்று விசிலடிக்கும், சிறகைக் கொஞ்சம் விரித்து இதயம் மாதிரிக் காட்டும், அலகால் தட்டும். மூடியைத் திறக்க யார் கை நீட்டினாலும் கடி. இரண்டு பேரும் மூன்று நாளாகக் கொத்துரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

கிளிக்குக் கண்ணாடியில் விழுகிற காதல் நல்லதற்கல்ல, பதில் வராத காதல் அதற்கு வெறியைத்தான் ஏற்றும், குக்கரைக் கண்ணில் படாமல் அலுமாரிக்குள் வையுங்கள், வேலையால் வந்ததும் நீங்கள் அதோடு கொஞ்ச நேரம் கதையுங்கள் என்று சொன்னேன். கணவன் உடனே குக்கரைத் தூக்கப் போனார். மனைவி கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, குக்கரையும் கிளியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "திடீரெண்டு பிரிச்சா ஏங்கிப்போவான் மிஸ், பாவம். அம்மா வீட்டில ஒரு சின்னக் குக்கர் சும்மா கிடக்குது, அதைக் கொண்டுவந்து முன்னால வைச்சாத் தாங்குவானோ?"

வாங்கில் இருந்து சொன்னது

மழை கொட்டிய ஒரு மத்தியானம் சிவபாதம் அன்ரியிடமிருந்து போன் வந்தது. "பிள்ளை, அவள் கூட்டுக்கு அடியில இருக்கிறாள். இறகெல்லாம் உப்பிப்போச்சு. கண் திறக்கிறாள் இல்லை. மூச்சு எடுக்கக் கஷ்டப்படுறாள்." முட்டை உள்ளே சிக்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சில மணித்தியாலங்களில் உயிர் போய்விடும் சங்கதி. சூடு விடாமல் பொத்திக்கொண்டு நான் முன்பு வேலை செய்த வைத்தியரிடம் உடனே வரச் சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். காலி நகர்ப் பக்கம் போகிற பெருவீதி முழுக்க வாகனம். மழைக்கோட்டுக்குள்ளும் நனைந்து நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு திரீவீலர் வந்து நின்றது. அன்ரி சேலைத் தலைப்புக்குள் குமாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். அங்கிள் அவர்கள் இரண்டு பேருக்கும் குடை பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடி வந்தார்.

வைத்தியர் கல்சியம் ஊசி போட்டு, சூடான ஈரப் பெட்டிக்குள் குமாரை வைத்தார். நாங்கள் மூன்று பேரும் வெளியே ஒரு மர வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருந்தோம். கடைசியில் முட்டை வெளியே வந்தது, ஓடு தோல் மாதிரி மெல்லிசாக. குமார் பிழைத்துவிட்டது. ஆனால் உடம்பில் இருந்த சுண்ணாம்பெல்லாம் முட்டைக்கே போய்விட்டது, இன்னொரு தரம் இப்படி நடந்தால் தப்பாது என்றார் வைத்தியர். எனக்கு அழுகை வந்தது. இரண்டு தரம் அந்த வீட்டுக்குப் போயும் வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு வந்தவள் நான். அந்த வாங்கிலேயே, பக்கத்தில் ஒரு நாயோடு வந்திருந்த இரண்டு பேர் கேட்க, எல்லாவற்றையும் பச்சையாகச் சொன்னேன். முதுகைத் தடவுவது என்ன, சூடாக ஊட்டுவது என்ன, டின் என்ன, அன்ரியை ஏன் கடிக்கிறது, ஒன்றையும் விடவில்லை.

அங்கிள் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப குமார் என்னைத் தன்ர புருசனெண்டோ நினைச்சுக்கொண்டிருந்தவன்?" என்று கேட்டார். அன்ரி ஈரத் தலைப்பைப் பிழிந்தபடி, நிமிராமல் சொன்னார்: "நாப்பத்திரண்டு வருசமா நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

முழங்கால்

அதன்பிறகு அங்கிள் நான் சொன்னதையெல்லாம் நிலம் அளப்பது மாதிரிப் பிசகாமல் செய்தார். டின் போனது. கூடு இடம் மாறியது. பின்னேரம் ஆறு மணிக்குக் கூட்டை மூடினால் காலை ஆறுக்குத்தான் திறப்பு. நான் கொடுத்த மர முட்டை ஐந்தில் குமார் மூன்று கிழமை அடை இருந்து பார்த்து, அலுத்துப்போய் இறங்கிவிட்டது. தீன் போடுவது இனி அன்ரி. அங்கிளுக்கு ஒரு விரல், தலையில் மட்டும், அதுவும் ஐந்து நிமிடம். "டிவிக்கு முன்னால இருந்தால் கை சும்மா இருக்குதில்லை பிள்ளை" என்று போனில் ஒரு நாள் சொன்னார். அந்தக் குரலைக் கேட்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஒரு உயிரைக் காப்பாற்ற அதனிடம் இருந்து கையை எடுத்துக்கொள்ளச் சொன்னவள் நான்தானே.

நாலு மாதம் கழித்து நகம் வெட்டப் போனேன். லிஃப்ட் வேலை செய்தது. கதவைத் திறந்தது அங்கிள். கையெல்லாம் எண்ணெய். இந்த நாலு மாதத்தில் ஒரு முட்டைகூட இல்லை என்று வாசலிலேயே சொன்னார். குமார் சாய்மனைக் கதிரையின் முதுகில் நின்று பேப்பரைக் கிழித்துக்கொண்டிருந்தது. கதிரையில் இருந்தது அன்ரி. அவருடைய தலைமயிரில் இரண்டு பேப்பர்த் துண்டு கிடந்தது, குமார் சீறவும் இல்லை, கடிக்கவும் இல்லை. அங்கிள் கதிரைக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து, அன்ரியின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, இளஞ்சூட்டு எண்ணெயை முழங்காலில் தேய்க்கத் தொடங்கினார். பக்கத்தில் ஒரு கோப்பையில் ஆவி பறக்கக் குழைசோறு. வெயில் முகத்தில் படாமல் ஒரு பக்கத் திரையும் இழுத்துவிடப்பட்டிருந்தது.

நான் நகவெட்டியைத் தேடுகிற மாதிரிப் பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அன்ரி காலை எடுக்கவில்லை, மற்ற முழங்காலையும் சேலையை விலக்கிக் காட்டிக்கொண்டே என்னிடம் முறைப்பாடு சொன்னார்: "அவளுக்கு நிப்பாட்டினதெல்லாம் இப்ப எனக்கு நடக்குது பிள்ளை. எனக்கு அறுபத்தெட்டு வயசு, என்ன செய்தாலும் முட்டை வராதெண்டு இந்த மனிசனுக்கு நீங்களாவது சொல்லிவிடுங்கோ."

ஆக, கிளியின் எந்த இடத்தில் கை வைக்கக்கூடாது என்று நான் ஒரு மணித்தியாலத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்துவிடுவேன், எடுத்த கையை அதற்குப் பிறகு எங்கே வைப்பது என்பதை அந்தந்த வீட்டார்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.